மூன்றரை மணி நேர யாழ்ப்பாணம்

திருவேங்கடத்துக்காரர் ஒருவர் கப்பலில் இலங்கை போக ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. காலையில் பலகாரத்தை முடித்துவிட்டு கோவில்பட்டி வழியாகப் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடலைப் பார்த்துவிடலாம். ஆனால் உல்லாசக் கப்பல் ஏற அங்கே வழி கிடையாது. சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்து, ராத்திரி முழுக்க வடக்கே போய், சென்னையில் கப்பல் ஏறி, வந்த தூரம் அத்தனையும் மறுபடி கடல் வழியாகத் தெற்கே இறங்கி வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :)

இந்தக் கப்பல் விஷயம் தொடங்கியது 2023 ஜூன் 5-ம் தேதி. மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கப்பலின் பெயர் எம்ப்ரஸ், நடத்துவது கார்டீலியா நிறுவனம். சென்னையில் கிளம்பி இலங்கையின் தெற்கு மூலையில் அம்பாந்தோட்டை, கிழக்கே திருகோணமலை, வடக்கே காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம் தொட்டுவிட்டு சென்னைக்கே திரும்புவது திட்டம். இதே கப்பல் அதற்கு முந்தைய வருடம், 2022 ஜூனில், சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்தபோது, உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று சர்ச்சை கிளம்பி அங்கே அனுமதி கிடைக்காமல் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 1990-ல் கட்டிய கப்பல் அது. அமெரிக்கப் பக்கம் கரீபியன் தீவுகளைச் சுற்றிச் சுற்றி ஓடிய பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. அங்கே பழகிய சுற்றுலா முறையும் கூடவே வந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

அது என்ன முறை? ராத்திரி கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவில் நிற்கும். காலையில் இறங்கு, சாயங்காலம் ஏறு. கீழே பஸ் வரிசையாகக் காத்திருக்கும். கோயில் பார்க்கும் பஸ் ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, கடைவீதிக்கு ஒன்று. இதற்குக் கப்பல் டிக்கெட் போகத் தனிக்காசு. கப்பல்காரர் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக ஆட்டோ பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான். இந்த ஒரு பயமே போதும், முக்கால்வாசிப் பேர் கப்பல்காரர் பஸ்ஸிலேயே ஏறிவிடுவார்கள். சாப்பாடு? டிக்கெட்டிலேயே மூன்று வேளையும் அடக்கம் என்பதால் கீழே காசு கொடுத்துச் சாப்பிட யாருக்கும் மனசு வராது. ஆயிரம் பேர் இறங்கினாலும் அந்த ஊர் இட்லிக்கடைக்கு ஆயிரம் ரூபாய் வியாபாரம் நடக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது காங்கேசன்துறைக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், குடியுரிமைச் சடங்கு எல்லாம் முடிந்து கடைசி ஆள் இறங்க 9.30. அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கூட்டத்தை எண்ணி பஸ்ஸில் ஏற்றிப் போய்ச் சேர 10.15. மாலை 4 மணிக்கெல்லாம் கப்பலுக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் 2.45-க்கு யாழ்ப்பாணத்தைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரம். இதற்குள் நல்லூர் கந்தசுவாமி கோயில், கோட்டை, பொது நூலகம், அப்புறம் கைநிறைய வாங்க ஒரு கடை.

நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் படம் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். 1981 மே 31 இரவு தொடங்கி அதை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள், அவற்றோடு வேறு எங்குமே பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் சாம்பலாயின. இன்றைக்கு இருப்பது திரும்பக் கட்டியது. இதை வழிகாட்டி மைக்கில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்தது கோட்டை, போர்த்துக்கீசியர் கட்டியது, டச்சுக்காரர் 1658-ல் பிடித்தது என்று போய்க்கொண்டே இருப்பார். வழிகாட்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுத்திருப்பதே அவ்வளவு நேரம்தான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, இறங்கும் இடத்திலேயே இருக்கிறது. கப்பல் நிற்கும் காங்கேசன்துறை எப்படிப்பட்ட ஊர் என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 1950-களில் ஓகோ என்று ஓடிய சிமெண்ட் ஆலை அங்கே பாழடைந்து கிடந்தது. 1990-ல் வலிகாமம் வடக்கு மக்கள் மொத்தமாக இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் வீடும் தோட்டமும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2009-ல் போர் முடிந்த பிறகும் உடனே திரும்ப முடியவில்லை. 2015-க்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விட்டார்கள், முழுவதும் விடவில்லை. இருபத்தைந்து வருஷம் முகாமில் இருந்தவர்கள் உண்டு, சொந்த வீட்டுக் கிணற்றை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் உண்டு. அதே கடற்கரையில் ராணுவமே தல்செவன என்ற பெயரில் ஒரு சுற்றுலா விடுதியையும் நடத்தியது! இடம்பெயர்ந்தவன் போக முடியாத மணலில் சுற்றுலாப் பயணி நீச்சல் உடையோடு படுத்திருக்கலாம்.

இது இலங்கைக்கு மட்டும் வந்த வியாதியா என்றால், இல்லை. ஹைத்தி நாட்டில் லபாடி என்ற கடற்கரையை 1986 முதல் ஒரு பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. சுற்றிலும் வேலி, உள்ளே கப்பல் பயணிகள் மட்டும். 2010 ஜனவரி 12-ல் ஹைத்தியைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. தலைநகரில் பிணங்களை எடுத்து முடிக்கவில்லை, மூன்றாம் நாள் கப்பல் லபாடிக்கு வந்து பயணிகளை இறக்கியது. உலகம் முழுக்கப் பெரிய வாக்குவாதம். நிவாரணப் பொருளும் கப்பலில்தான் வந்தது, வேலையை நிறுத்தினால் அங்கே கடை போட்டிருக்கும் ஹைத்திக்காரன் வயிற்றில்தான் அடி என்று நிறுவனத் தரப்பு சொன்னது. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்த யாருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். வெனிஸ் நகரம் வேறு வழியில்லாமல் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களைத் தன் நடுவாய்க்காலுக்குள் விடுவதை நிறுத்தியது.

தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைக்க வெனிஸ் வரை போக வேண்டியதில்லை. குற்றாலம் சீசனைப் பார்த்தாலே போதும். வேன் வரும், எண்ணெய் தேய்த்து ஒரு குளியல், மிளகாய் பஜ்ஜி, நேந்திரம் சிப்ஸ், சாயங்காலம் வேன் கிளம்பிவிடும். குற்றாலம் என்ற ஊரில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் குடிதண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது என்பது வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஷாம்பு பாக்கெட்டைப் பொறுக்குவது யார்? வந்துபோகும் கூட்டம் ஊரை எப்படிப் பார்க்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதே ஜனங்கள் கப்பல் ஏறிப்போனால் மட்டும் வேன்காரர்கள் மாதிரியே நடந்துகொள்வார்கள். என்ன செய்ய!

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். லண்டன்காரர் ஒருவர் மூன்றரை மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பெரிய நஷ்டமில்லை. அவருக்கு அது இன்னொரு தீவு. நெல்லைச் சீமையிலிருந்து போகிறவருக்கு அப்படியா? அவர் போவது, ரொம்பநாள் போக்குவரத்து விட்டுப்போன சொந்தக்காரர் வீட்டுக்கு.

சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுநாள் மாப்பிள்ளைச் சொதி உண்டு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தமிழ்நாட்டில் நெல்லையைத் தாண்டினால் சொதி என்றால் என்ன என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் சொதி தினசரிச் சமையல்! அங்கே தண்ணியாக, மஞ்சள் நிறமாக, இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் ஊற்றிக்கொள்வது. ஒரே பெயர், ஒரே தேங்காய்ப்பால், நடுவில் ஒரு கடல். பனைமரமும் அப்படியே. இந்தப் பக்கம் தேரிக்காட்டுப் பனங்கிழங்கு, கருப்பட்டி. அந்தப் பக்கம் அதே கிழங்கைக் காயவைத்து ஒடியல் ஆக்கி, மாவரைத்து, மீனும் நண்டும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவார்கள். வீட்டில் பெரிய பானை வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குடிப்பது அது. கப்பல் பஸ் நிற்கும் ஓட்டல் பஃபேயில் அது கிடைக்காது, கிடைத்தாலும் அது அதுவாக இருக்காது.

பேச்சும் ஒரு சுவாரசியம். இங்கே நாம் 'பேசுகிறோம்', அங்கே அவர்கள் 'கதைக்கிறார்கள்'. அங்கே பேசுவது என்றால் திட்டுவது! திருவேங்கடத்துக்காரர் யாழ்ப்பாணக் கடைக்காரரிடம் போய், 'அண்ணாச்சி, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்' என்றால் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள் :) ஆனால் அந்த முகம் மாறி, பிறகு விஷயம் புரிந்து சிரித்து, 'இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்' என்று அவர் சொல்வதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும். மூன்றரை மணி நேரத்தில் அந்த அரை மணியை எங்கே வைப்பது?

அப்படி உட்கார்ந்து கதைத்தால் காதுக்கு இனிப்பில்லாத விஷயமும் வரும். முக்கியமாக மீன்பிடி. தமிழ்நாட்டில் பேப்பரில் வருவதெல்லாம் இலங்கைக் கடற்படை மீனவரைப் பிடித்தது, படகைப் பறித்தது. அதெல்லாம் உண்மை, எத்தனையோ குடும்பங்கள் இங்கே அதில் நொந்துபோயிருக்கின்றன. ஆனால் வடக்கு மாகாணத்து மீனவரும் தமிழர்தான். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகவே தடை இருந்து, போர் முடிந்து வலை வாங்கி இறங்கினால், இந்தப் பக்கத்து இழுவைமடிப் படகுகள் வந்து அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன, கடலின் அடித்தரையையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகின்றன என்பது அவர் முறையீடு. 2017-ல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்தக் கதையை மேடையில் தொப்புள்கொடி உறவு என்று முழங்குகிற யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணம் போய்வந்தும் இதைக் கேட்காமல் வருகிறவர், நல்லூர் கோபுரத்தின் படத்தை மட்டும் கொண்டுவருகிறார்.

அப்படியானால் உல்லாசக் கப்பலே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிடுவதும் சரியில்லை. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெட்டி தூக்காமல் மூன்று ஊர் பார்க்க இதைவிட வசதி கிடையாது. அம்பாந்தோட்டையில் இறங்கினால் அருணகிரிநாதர் பாடிய கதிர்காமம் ஒரு பகலுக்குள் போய்வரும் தூரம். (அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையே 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.) திருகோணமலையில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று. சம்பந்தர் பதிகம் பாடிய அந்தத் தலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்கிற பாட்டிக்குப் போய் 'இது மேலோட்டமான சுற்றுலா' என்று வகுப்பு எடுக்க முடியுமா? பாட்டிக்கு அந்த ஒரு பகல் போதும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இந்தக் கப்பல் ஒன்று வந்ததையே இலங்கையோடு கடல்வழித் தொடர்பு திரும்பிவிட்ட மாதிரி கொண்டாடும்போதுதான். தொடர்பு என்பது போய், தங்கி, வேறொரு நாளில் வேறொரு படகில் திரும்ப முடிவது. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கப்பல் விட்டார்கள், ரயில் டிக்கெட்டோடு சேர்த்தே. சாதாரண ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்சகாலம் ஓடி, எண்பதுகளின் தொடக்கத்தில் இனக்கலவரமும் போரும் வந்ததும் நின்றது. மலையகத் தோட்டங்களுக்கு நெல்லை, மதுரை, திருச்சிப் பக்கத்து ஜனங்கள் போனதும் கடல் தாண்டித்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று அவர்களைக் கேட்காமலேயே முடிவான பிறகு, அவர்கள் திரும்பியதும் அந்தப் படகுகளில்தான்.

அதற்கும் முன்னால் தூத்துக்குடி. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடி கொழும்பு வழிக்குத்தான். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறக்கியது, வெள்ளைக்காரன் கடைசியில் சும்மாவே வா, குடையும் தருகிறேன் என்றான் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதே தூத்துக்குடியில் இன்றைக்குக் குடையும் இல்லை, கப்பலும் இல்லை. 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலை தூத்துக்குடி கொழும்பு வழியில் விட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். நவம்பரிலேயே நின்றுபோனது. இடம் பாதிகூட நிரம்பாமல் இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டினால் வேறென்ன ஆகும்?

உல்லாசக் கப்பலைவிட உருப்படியான வேலை என்று பார்த்தால் நாகப்பட்டினத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 14-ல் செரியபாணி என்ற 150 பேர் போகும் படகு நாகையிலிருந்து அதே காங்கேசன்துறைக்குக் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் நிறுத்தம்! பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற பெயரில் வேறொரு படகு. சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம். மழைக்காலத்தில் நிற்கிறது, பிறகு ஓடுகிறது. நீச்சல்குளம் இல்லை, பாட்டுக்கச்சேரி இல்லை, வாந்தி எடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் இதில் போகிறவர் காங்கேசன்துறையில் இறங்கினால் திரும்பக் கப்பல் ஹாரன் அடிக்குமே என்று வாட்சைப் பார்க்க வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம், வடக்கு ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் அது. போரில் பிடுங்கிப்போட்ட தண்டவாளத்தை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டு, 2015 ஜனவரியில் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. கீரிமலை பக்கத்தில், மாவிட்டபுரம் பக்கத்தில். நாலு நாள் ஒரு சின்ன விடுதியில் தங்கினால் காசு அந்த விடுதிக்காரருக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் நேராகப் போகிறது.

உல்லாசக் கப்பல்காரர்களும் நினைத்தால் கொஞ்சம் மாற்றலாம். காங்கேசன்துறையில் ஒரு ராத்திரி நிறுத்துவதில் என்ன கஷ்டம்? துறைமுகக் கட்டணம் கூடும், உள்ளே சூதாட்டக்கூடத்தை ஒரு ராத்திரி திறக்க முடியாமல் போகும், அதுதானே? லட்சத்தீவில் அரசாங்கமே நடத்திவந்த சமுத்திரம் சுற்றுலாவைப் பாருங்கள். அதிலும் ராத்திரி கப்பல், பகல் தீவுதான். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தினம் ஒரு தீவு. ஆனால் மத்தியானச் சாப்பாடு தீவில், தீவுக்காரர் கையால். வருகிற தலையை எண்ணி அனுமதிச் சீட்டு. ஒரு சின்னத் தீவு நிர்வாகத்தால் முடிந்தது ஒரு பெரிய நிறுவனத்தால் முடியாதா என்ன? பஸ்ஸைக் குறைத்து யாழ்ப்பாணத்துப் பையன்களையும் பெண்களையும் வழிகாட்டிகளாக வைத்து, நூலகத்தின் முன்னால் பத்து நிமிஷத்துக்குப் பதில் உள்ளே ஒரு மணி நேரம் கொடுத்து, சாப்பாட்டைக் கப்பலில் இல்லாமல் ஊருக்குள் வைத்தாலே பாதி மாறிவிடும்.

தூத்துக்குடிக்காரர்களும் அரசாங்கத்தை நச்சரிக்க வேண்டும். ஆயிரம் பேர் கப்பல் கேட்டு 2011 மாதிரி ஆகிவிடக்கூடாது. நாகையில் ஓடுவது மாதிரி நூற்றைம்பது பேர் படகு ஒன்று, வாரத்துக்கு இரண்டு நாள், கொழும்புக்கு. அதுவரைக்கும் திருவேங்கடத்துக்காரர் மதுரை, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போவதுதான் நல்லது. சென்னை போவதைவிட அது கிட்டம், டிக்கெட்டும் உல்லாசக் கப்பல் காசில் ஒரு பங்குதான். போகும்போது பையில் இரண்டு வட்டுக் கருப்பட்டி எடுத்துக்கொண்டால், அந்தப் பக்கத்துப் பனங்கட்டியோடு வைத்து எது இனிப்பு என்று அங்கே ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம்.